கவிழும் என்று தெரிந்தே ஏறும் படகு

தீவுக் கரையில் கூடாரம் போடச் சிறிய கேட்டமரானில் கிளம்புவோர் அறிய வேண்டிய ஆபத்துகள், உரிமைகள், பரிகாரங்கள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துத் தென்மேற்கு மூலையில் எவர்கிளேட்ஸ் சிட்டி என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் அலையாத்திக் காடு. காட்டைத் தாண்டினால் மெக்சிகோ வளைகுடாவின் ஓரமாகச் சிதறிக் கிடக்கும் தீவுகள். பத்தாயிரம் தீவுகள் என்பதே அந்தப் பகுதியின் பெயர். பிக்னிக் கீ, டைகர் கீ, ரேபிட் கீ, பெவிலியன் கீ என அவற்றில் சிலவற்றுக்கு நல்ல மணற்கரை உண்டு. தேசியப் பூங்காவின் அனுமதிச் சீட்டு இருந்தால் அங்கே இரவு தங்கலாம். மின்விளக்கு இல்லை, கடை இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை. வானமும் மணலும் கடலும்தான்.

அந்த அமைதியைத் தேடிப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் சிறிய கேட்டமரானில் போகிறார்கள். இரண்டு ஒல்லியான மிதவைகள், நடுவே இழுத்துக் கட்டிய துணிப்பரப்பு, உயர்ந்த பாய்மரம். டிரெய்லரில் ஏற்றிக் காரின் பின்னால் இழுத்துவரலாம். முழங்கால் ஆழத் தண்ணீரிலும் ஓடும். கரையில் நேராக ஏறி நிற்கும். தீவில் தங்கப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான படகு உண்டா என்று தோன்றும். அந்த நினைப்பில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லவே இந்தக் கட்டுரை. அங்கே வாழும் தமிழர்களுக்கும், அங்கே போய் இப்படியொரு பயணத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்கும் இது பயன்பட வேண்டும்.

பெயர் நம்முடையது, படகு வேறு

கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பது நமக்குத் தெரியும். பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நம் கட்டுமரம் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. அலை மேலே ஏறி, இடுக்கு வழியே வடிந்து போகும். அதற்குள் தண்ணீர் நிரம்ப வெற்றிடமே கிடையாது. மரம் மிதக்கும் வரை அதுவும் மிதக்கும்.

இன்றைய கேட்டமரானின் மிதவைகள் உள்ளே வெறும் கூடு. ஒரு விரிசல் போதும், வடிகால் துளையின் மூடியை மாட்ட மறந்தால் போதும், கூட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கும். மேலே இருப்பவருக்கு அது உடனே தெரியாது. ஒரு பக்கம் தாழ்ந்து, படகு சொன்னபடி திரும்பாமல் போகும்போதுதான் தெரியும். அதற்குள் கரை தூரமாகியிருக்கும்.

கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்துவந்த ஹோபி ஆல்டர் 1960-களின் இறுதியில் கடற்கரையிலிருந்தே தள்ளி ஓட்டக்கூடிய சிறு கேட்டமரான்களை வடிவமைத்தார். அந்த வரிசையில் வந்த ஹோபி 16 உலகெங்கும் பரவியது. நீளம் 16 அடி 7 அங்குலம். எடை சுமார் 145 கிலோ. பாய்மரம் 26 அடிக்கு மேல். இந்தக் கட்டுரையில் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மற்றச் சிறு கேட்டமரான்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று. இது விளையாட்டுக்காகப் பிறந்த படகு. வேகமாக ஓடும், ஒரு மிதவையைத் தூக்கும், கவிழும், நிமிர்த்தி மறுபடி ஓட்டுவார்கள். கரை கண்ணுக்குத் தெரியும், பக்கத்தில் வேறு படகுகள் இருக்கும் என்ற எண்ணத்தில் உருவானது. அதன்மேல் கூடாரத்தையும் தண்ணீர்க் கேன்களையும் ஏற்றி, ஆளில்லாத தீவுக்குத் திருப்பும் கணத்தில் நீங்கள் வேறொரு படகை உருவாக்குகிறீர்கள். அந்தப் புதிய படகை உங்களுக்கு முன்னால் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்கும் பொறுப்பு உங்களுடையது.

சுமைக் கணக்கு

ஹோபி 16 தாங்கக்கூடிய மொத்தச் சுமை சுமார் 363 கிலோ. இது ஆட்களையும் சேர்த்த கணக்கு. இரண்டு பேர் மூன்று நாள் போகிறார்கள் என்று வைப்போம். இருவரின் எடை 150 கிலோ. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் என்று மூன்று நாளைக்கு 24 லிட்டர். திரும்ப முடியாமல் போனால் தேவைப்படும் கூடுதல் ஒரு நாளுக்கு 8 லிட்டர். ஆக 32 கிலோ. கூடாரம், படுக்கை, அடுப்பு, பாத்திரம் 20 கிலோ. உணவு 10 கிலோ. நங்கூரம், கயிறு, பாதுகாப்புச் சாதனங்கள், கருவிப் பெட்டி 16 கிலோ. கூட்டினால் 228 கிலோ வருகிறது.

வரம்புக்குள்தான் இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். இருவர் மட்டும் ஏறும்போது இருந்ததைவிடப் படகு இப்போது தாழ்வாக மிதக்கும். அலையிறக்கத்தில் முன்மூக்கு தண்ணீரில் குத்தினால் பின்பக்கம் மேலெழும்பிப் படகே குட்டிக்கரணம் அடிக்கும். கேட்டமரான் ஓட்டுபவர்கள் எல்லோரும் அஞ்சும் விபத்து இது. இதே கணக்கில் மூன்றாவது ஆளையும் அவருக்கான தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். வரம்பு கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். மூன்று பேர் என்றால் இரண்டு படகு என்பதே சரியான முடிவு.

சுமையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். கனமானவை துணிப்பரப்பின் நடுவில், பாய்மரத்துக்குப் பின்னால், தாழ்வாக இருக்க வேண்டும். முன்பக்கம் எதையும் கட்டக் கூடாது. எல்லாம் தண்ணீர் புகாத பைகளில், ஒவ்வொரு பையும் தனித்தனிக் கயிற்றில் படகோடு பிணைந்திருக்க வேண்டும். கவிழ்ந்தால் பை பிய்த்துக்கொண்டு போகக் கூடாது. அதே சமயம், ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சாகவும் இருக்க வேண்டும். படகை நிமிர்த்தச் சுமையைக் குறைக்க வேண்டி வந்தால் அந்த முடிச்சு கைகொடுக்கும். சுக்கானுக்கும் பாய்க்கயிறுகளுக்கும் குறுக்கே ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையிலேயே தொட்டுப் பார்க்க வேண்டியவை

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே படகை வீட்டு வாசலில் நிறுத்திப் பாருங்கள். முதல் நாள் பார்த்தால் பழுது தெரியும், சரிசெய்ய நேரம் இருக்காது.

மிதவைகளின் மேற்புறத்தைக் கட்டை விரலால் அங்குலம் அங்குலமாக அழுத்துங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் ஃபைபர் அடுக்குகள் உள்ளே பிரிந்துவிட்டன என்று பொருள். அந்தப் படகு கடலுக்குப் போகத் தகுதியில்லை. கசிவு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. இணைப்புகள் மேல் சோப்பு நீரைத் தடவி, வடிகால் துளை வழியாக வாயால் ஊதுங்கள். குமிழி எழும் இடம்தான் ஓட்டை. காற்றடிக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள், அழுத்தம் அதிகமாகி மிதவையே பிளந்துவிடும்.

பாய்மரத்தை நிறுத்திப் பிடித்திருப்பவை சில எஃகு வடங்கள் மட்டுமே. அவற்றின் இரு முனைகளையும் துணியால் உருவிப் பாருங்கள். ஒரே ஒரு இழை அறுந்து துணியில் மாட்டினாலும் அந்த வடத்தை மாற்றிவிட வேண்டும். உப்புக்காற்றில் பல ஆண்டு இருந்த வடம் வெளியே பளபளப்பாக இருந்தாலும் முனையில் உள்ளுக்குள் அரித்திருக்கலாம். பழைய படகு வாங்கியிருந்தால் வடங்கள் முழுவதையும் புதிதாக்குங்கள். நடுக்கடலில் பாய்மரம் விழுந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

துணிப்பரப்பைத் தைத்த நூலும் கட்டிய கயிறும் வெயிலில் இற்றுப் போகும். நகத்தால் கீறிப் பார்க்கும்போது நூல் பொடிந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள், அந்தப் பரப்பின் மேல்தான் நீங்கள், உங்கள் குழந்தை, உங்கள் தண்ணீர் எல்லாம் இருக்கப் போகிறது. சுக்கான் பிடிக்கும் ஊசிகள், வடிகால் மூடிகள், வளையங்கள், சிறு பூட்டுகள் ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் மாற்று ஒன்று உங்கள் பெட்டியில் இருக்கட்டும். பல விளையாட்டுப் பாய்களில் பரப்பைக் குறைக்கும் வசதி இருக்காது. பாய் தைப்பவரிடம் கொடுத்துச் சுருக்குவதற்கான கண்களை வைக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்தபின் முழுச் சுமையோடு பாதுகாப்பான ஓர் ஏரியிலோ உள்கடலிலோ ஒரு நாள் ஓட்டுங்கள். வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். நிமிர்த்த முடியவில்லை என்றால் அந்தச் சுமையோடு தீவுக்குப் போக உங்களால் முடியாது என்பதை அங்கேயே அறிந்துகொள்வீர்கள்.

தலைக்கு மேல் இருக்கும் ஆபத்து

இந்தப் படகில் நடக்கும் மிகக் கொடிய விபத்து சில வேளை தண்ணீரைத் தொடும் முன்பே நடந்துவிடுகிறது. 26 அடி உயர அலுமினியப் பாய்மரத்தை நிமிர்த்தி, படகை வாகன நிறுத்தத்திலிருந்து கரைக்குத் தள்ளிப் போகும்போது, தலைக்கு மேலே போகும் மின்கம்பியை யாரும் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் இப்படி மின்சாரம் தாக்கி உயிர்கள் போயிருக்கின்றன. அதன் பின்னரே 1980-களில் ஹோபி படகுகளின் பாய்மர உச்சியை மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைப் பொருளில் செய்யத் தொடங்கினார்கள். பழைய படகு வாங்குகிறவர் உச்சிப் பகுதி எந்தப் பொருளால் ஆனது என்று பார்த்து வாங்க வேண்டும். உச்சி மாறியிருந்தாலும் கீழ்ப்பகுதியும் வடங்களும் உலோகம்தான் என்பதால் எச்சரிக்கை தளரக் கூடாது.

பாய்மரத்தை எழுப்பும் முன் நின்று, அண்ணாந்து, படகு போகும் வழி முழுவதையும் பாருங்கள். மேலே கம்பி இருந்தால் பாய்மரத்தைப் படுக்க வைத்தே தண்ணீர் வரை கொண்டுபோங்கள். வானில் இடி கேட்டால் இதே உலோகக் கம்பு மின்னலுக்கு இலக்காகும். ஃபுளோரிடாவில் கோடைப் பிற்பகல்களில் இடிமழை அடிக்கடி வரும். அந்த நேரத்தில் தண்ணீரில் இருக்காதீர்கள்.

கவிழ்ந்த பின்

கவிழ்ந்ததும் முதல் வேலை ஆட்களை எண்ணுவது. இரண்டாவது வேலை படகைப் பிடித்துக்கொள்வது. பாய் தண்ணீரில் கிடந்தாலும் காற்று மிதவைகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நீந்துகிறவரைவிடப் படகு வேகமாக விலகிப் போகும். கையில் கயிற்றின் ஒரு நுனியாவது இருக்க வேண்டும். பிறகு பாய்க்கயிறுகளைப் பிடியிலிருந்து விடுவித்து, படகின் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பி, கீழ் மிதவையில் நின்று, மேல் மிதவையைச் சுற்றிவரும் நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்துச் சாய வேண்டும். சராசரி எடையுள்ள ஒருவரால் ஹோபி 16-ஐத் தனியாக நிமிர்த்துவது கடினம். தண்ணீரை மொண்டு எடையாகத் தொங்கவிடும் பை ஒன்று அப்போது உதவும். பாய்மர உச்சியில் சிறு மிதவை ஒன்றைக் கட்டியிருந்தால் படகு முற்றிலும் தலைகீழாகிவிடாது. தீவுப் பயணம் போகிறவர் அதை அழகுக் குறைவு என்று ஒதுக்கக் கூடாது.

இங்கே பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. அவசர உதவிச் சாதனங்களை அழகாகப் பையில் போட்டுப் படகில் கட்டிவிடுகிறார்கள். நீங்கள் படகை விட்டுப் பிரிந்துவிட்டால் அந்தப் பையால் என்ன பயன்? 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கையடக்க அவசரக் கருவி, தண்ணீர் புகாத விஎச்எஃப் வானொலி, விசில், கயிறு அறுக்கும் சிறு கத்தி ஆகிய நான்கும் உங்கள் உயிர்காப்பு அங்கியிலேயே இருக்க வேண்டும். அங்கி உடம்பில் இருக்க வேண்டும். கைப்பேசியை மட்டும் நம்பாதீர்கள். தீவுகளுக்கிடையே அலைவரிசை கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

காற்று, ஓதம், இரவு

பத்தாயிரம் தீவுகளில் தங்க ஏற்ற காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான வறண்ட பருவம். கோடையில் கொசுவும், கண்ணுக்கே தெரியாத கடிப்பூச்சிகளும் ஆளைத் தங்கவிடாது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவமும்கூட. குளிர்காலத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. வடக்கிலிருந்து குளிர்க்காற்று அலை இறங்கும்போது, தென்கிழக்கில் இதமாக வீசிய காற்று தெற்கு, தென்மேற்கு என்று சுற்றி, திடீரென வடமேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் பலமாக அடிக்கத் தொடங்கும். வெளித்தீவுகளிலிருந்து எவர்கிளேட்ஸ் சிட்டி வடக்கிலோ வடகிழக்கிலோ இருக்கிறது. ஆகவே வீடு திரும்பும் நாளில் காற்று முகத்துக்கு நேரே இருக்கும். அன்று கிளம்பாமல் இருக்கும் துணிவுக்குத்தான் அந்தக் கூடுதல் ஒரு நாள் தண்ணீர். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டுமே என்ற அவசரத்தில் கடலில் இறங்காதீர்கள்.

ஓத அட்டவணையைக் கையில் வைத்திருங்கள். வற்றும்போது சேற்றுத் திட்டில் மாட்டினால் ஏற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சிப்பித் திட்டுகளின் விளிம்பு கத்திபோல் மிதவையைக் கிழிக்கும், காலையும் கிழிக்கும். கெட்டியான அடியுள்ள காலணி இல்லாமல் இறங்காதீர்கள்.

தீவில் படகைத் தண்ணீரின் உச்சக் கோட்டுக்கு மேலே ஏற்றி, பாயைக் கழற்றி, மணலில் புதைத்த நங்கூரத்தில் கட்டுங்கள். ஆளில்லாத கேட்டமரானைக் காற்று கரையிலேயே புரட்டிப்போடும். அது போய்விட்டால் நீங்கள் தீவில் சிறைப்பட்டவர். குடிநீரைக் கெட்டியான கேன்களில் மட்டுமே கொண்டுபோக வேண்டும். அங்குள்ள ரக்கூன்களுக்கு நன்னீர் கிடைப்பது அரிது என்பதால் மென்மையான பிளாஸ்டிக் பைகளைக் கடித்துக் குடித்துவிடும். உணவையும் பூட்டிய பெட்டியில் வையுங்கள். தீ மூட்ட அனுமதி உள்ள கரைகளில்கூட, கரைக்கு ஒதுங்கிய காய்ந்த விறகை மட்டும் எடுத்து, தண்ணீரின் உச்சக் கோட்டுக்குக் கீழே மூட்ட வேண்டும். கடலாமைகள் முட்டையிட ஏறும் மாதங்களில் நெருப்பையும் விளக்கையும் தவிர்த்து, கூடாரத்தை நீர்விளிம்பிலிருந்து தள்ளிப் போடுங்கள். அந்தக் கரையில் நீங்கள் விருந்தாளி, ஆமைகளுக்கு அதுதான் பேறுகால வீடு.

சட்டம் உங்களிடம் கேட்பது

16 அடி என்ற எல்லையை நினைவில் வையுங்கள். ஃபுளோரிடாவில் இயந்திரம் இல்லாத, 16 அடிக்குக் குறைவான படகுகளுக்குப் பதிவு தேவையில்லை. ஹோபி 16-இன் நீளம் அதைவிட 7 அங்குலம் கூடுதல். எனவே பதிவு வேண்டும். அதே எல்லை காரணமாக, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியோடு எறிந்து கொடுக்கும் மிதவை ஒன்றும் படகில் இருக்க வேண்டும். இந்த அளவுப் படகு ஓடும்போது 6 வயதுக்கு உட்பட்ட குழந்தை அங்கியை அணிந்தே இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. உங்கள் அறிவு எல்லோரையும் அணியச் சொல்ல வேண்டும்.

ஒலி எழுப்ப ஒரு கருவி, இரவானால் காட்ட விளக்கு, கடலோர நீரில் இரவில் உதவி கேட்கும் ஒளிச் சமிக்ஞைகள் ஆகியவையும் கட்டாயம். மது அருந்திவிட்டுப் பாய்மரப் படகு ஓட்டுவதும் குற்றமே. பூங்காவில் இரவு தங்க அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டும். கடற்புல் படுகையைக் கீறுவதும், அலையாத்தி மரத்தை வெட்டுவதும் தண்டனைக்குரியவை.

ஒரு தவறான நம்பிக்கையையும் களைந்துவிடுவோம். அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டால், திரும்பி வராதபோது யாராவது தேடி வருவார்கள் என்று எண்ணாதீர்கள். பயணத் திட்டத்தை அமெரிக்கக் கடலோரக் காவல்படையும் முன்கூட்டி வாங்கி வைப்பதில்லை. எந்தத் தீவு, எத்தனை பேர், படகின் நிறம் என்ன, எந்த மணிக்குள் திரும்பாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதிக் கரையில் இருக்கும் நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுங்கள். அண்ணனோ நண்பரோ, அந்த ஒருவர்தான் உங்கள் தேடுதல் படையின் முதல் ஆள்.

உங்களுக்குள்ள உரிமைகள்

முதலாவது, உயிர் காக்கும் உதவி இலவசம். கடலோரக் காவல்படை ஆபத்தில் இருப்பவரைத் தேடி மீட்பதற்குக் கட்டணம் கேட்பதில்லை. செலவுக்கு அஞ்சி உதவி கேட்கத் தாமதிக்காதீர்கள். விஎச்எஃப் வானொலியில் 16-ஆம் தடம், தொலைபேசி கிடைத்தால் 911. ஆனால் பொய்யான அபாய அழைப்பு கொடுங்குற்றம். பெரும் அபராதமும் தேடுதல் செலவும் அதைச் செய்தவர் தலையில் விழும்.

இரண்டாவது, தரமான படகைப் பெறும் உரிமை. 1972 நவம்பர் முதல் செய்யப்பட்ட ஒவ்வொரு படகுக்கும் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் உண்டு. பாதுகாப்பைப் பாதிக்கும் குறை கண்டுபிடிக்கப்பட்டால் தயாரிப்பாளர் வாங்கியவருக்கு அறிவித்து, தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுப் படகுப் பாதுகாப்புச் சட்டம் வழிவகுத்தது. இந்தப் பொறுப்பு இப்போது 10 ஆண்டு வரை நீடிக்கிறது. புதிதாக வாங்கினால் உத்தரவாத அட்டையைப் பூர்த்தி செய்து அனுப்புங்கள். உங்கள் முகவரி அவர்களிடம் இருந்தால்தான் அறிவிப்பு உங்களை வந்தடையும். பழையது வாங்கினால் அடையாள எண்ணைக் கொண்டு திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதேனும் உண்டா என்று கடலோரக் காவல்படையின் பட்டியலில் பாருங்கள். தனிநபரிடம், உள்ள நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்து வாங்கினால் பிறகு முறையிட இடம் மிகக் குறைவு. சோப்பு நீர்ச் சோதனையை விற்பவர் முன்னாலேயே செய்யுங்கள்.

மூன்றாவது, வாடகைக்கு எடுப்பவரின் உரிமை. கடலுக்குத் தகுதியற்ற படகையும், சட்டம் கேட்கும் பாதுகாப்புச் சாதனம் இல்லாத படகையும் வாடகைக்கு விடக் கூடாது. படகைத் தொட்டுப் பார்க்கவும், அங்கியை அணிந்து அளவு பார்க்கவும், ஓட்டும் முறையைக் கேட்கவும் தயங்காதீர்கள். அவசரப்படுத்தினால் பணத்தைக் கட்டாமல் திரும்பிவிடுங்கள்.

நான்காவது, இலவசச் சோதனை. கடலோரக் காவல்படையின் துணை அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர்கள் உங்கள் படகைப் பார்த்து என்ன குறை என்று சொல்வார்கள். குறை இருந்தால் அபராதம் கிடையாது, வெறும் அறிவுரைதான். செயற்கைக்கோள் அவசரக் கருவியைப் பதிவு செய்வதும் இலவசம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஏதேனும் நடந்துவிட்டால்

படகு பழுதாகி நிற்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை என்றால் கடலோரக் காவல்படை வேலையைத் தனியார் இழுவைப் படகுகளிடம் விட்டுவிடக்கூடும். அப்போது கயிற்றை வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது வெறும் இழுவையா, மீட்பா? இழுவைக்கு மணிக்கணக்கில் கட்டணம். மீட்பு என்றால் கடல் சட்டப்படி, காப்பாற்றிய படகின் மதிப்பில் ஒரு பங்கை வெகுமதியாகக் கோரலாம். தொகையை முன்பே பேசி, முடிந்தால் எழுதி வாங்குங்கள். உயிரைக் காப்பாற்றியதற்காக உங்களிடம் யாரும் வெகுமதி கோர முடியாது. படகில் இருந்துகொண்டு மீட்பு வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இழுக்கும் கயிற்றைப் பாய்மரத்தின் அடியில் கட்டுங்கள், எல்லோரும் பின்பக்கம் உட்காருங்கள், மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள்.

விபத்தில் ஒருவர் இறந்தால், காணாமல் போனால், முதலுதவிக்கு மேல் சிகிச்சை தேவைப்படும் காயம் பட்டால், படகே அழிந்தால், அல்லது 2,000 டாலரோ அதற்கு மேலோ சேதமானால் அதிகாரிகளுக்கு அறிவிப்பது கட்டாயம். உடைந்த உறுப்பைத் தூக்கி எறியாதீர்கள். வடம் அறுந்த நுனி, முறிந்த ஊசி, படகின் அடையாள எண் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். குறை தயாரிப்பில் என்றால் தயாரிப்பாளருக்கும் கடலோரக் காவல்படைக்கும் எழுதுங்கள். உங்கள் கடிதம் இன்னொரு குடும்பத்தைக் காப்பாற்றலாம். காப்பீடு எடுக்கும்போது பாய்மரப் படகு, இழுவைச் செலவு, மற்றவருக்கு நேரும் காயம் மூன்றும் அடங்குகிறதா என்று பத்திரத்திலேயே படித்துப் பாருங்கள். வாய்மொழி உறுதி போதாது.

நம் கரைக்கு ஒரு சொல்

இதைப் படித்துவிட்டு ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள தீவுகளை நினைத்தீர்கள் என்றால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே பொருந்தும். வனத்துறையின் அனுமதியின்றிக் கால் வைப்பதே குற்றம், கூடாரம் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பவளப் பாறையும் கடற்புல்லும் ஆவுளியாவும் வாழும் இடம் அது. நம் கடலில் பாய்மரப் பயிற்சி பெறலாம், கரையோரம் ஓட்டலாம். அபாயத்தில் இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், கடலோரப் பாதுகாப்புக் காவல்துறையை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

கிளம்பும் காலையில்

கட்டுமரம் ஏறிப் போகும் நம் மீனவர் கரையில் நின்று முதலில் வானத்தைப் பார்ப்பார், பிறகு கயிற்றை இழுத்துப் பார்ப்பார், அதன் பிறகே மரத்தைத் தள்ளுவார். சரியில்லை என்று பட்டால் அன்று கடலுக்குப் போகாமல் இருப்பதை அவர் வெட்கமாக நினைப்பதில்லை. படகின் பெயரை உலகம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்தப் பழக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவது நம் கையில் இருக்கிறது.

வடிகால் மூடி இரண்டும் மாட்டியாயிற்றா? மேலே மின்கம்பி இல்லை என்று பார்த்தாயிற்றா? அங்கி உடம்பில், அவசரக் கருவி அங்கியில் இருக்கிறதா? கூடுதல் ஒரு நாள் தண்ணீர் இருக்கிறதா? திரும்பும் நேரம் கரையில் ஒருவருக்குத் தெரியுமா? இந்த ஐந்தில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் பாய்மரத்தைப் படுக்க வையுங்கள். தீவு அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.